வீட்டுச் சூட்டை பிளான் போடும்போதே தடுக்கலாம்!



கோடையில் வந்த கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்க. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரைக்கும் ஒரு கணக்கு, 501 ஆனால் வேறு கணக்கு. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு உள்ள சலுகை விலை, கோட்டைத் தாண்டியவருக்குக் கிடையாது. நடுத்தரக் குடும்பத்தை அந்தக் கோட்டைத் தாண்ட வைப்பது பெரும்பாலும் ஏ.சி.தான். ஏ.சி. போட வைப்பது வெயில்னு சொல்லிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி நம்ம வீட்டு பிளான்ல இருக்கு.

பாலவாக்கத்தையே பாருங்க. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவில் மணல். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று தானாக வரும், காசு கேட்காது. ஆனா நாம என்ன கட்டுறோம்? பக்கத்துக் காம்பவுண்டை ஒட்டி கிழக்குச் சுவர், அதுல பேருக்கு ஒரு ஜன்னல். மாலை வெயில் நேரா அடிக்கிற மேற்குப் பக்கம் 'எலிவேஷன்' நல்லா இருக்கணும்னு கண்ணாடி. படிக்கட்டு, குளியலறை, ஸ்டோர் ரூமை மேற்கில் வைத்தால் அந்தச் சூட்டை அவை வாங்கிக்கொள்ளும், படுக்கையறை தப்பிக்கும். இதுக்குக் கூடுதல் செலவு பெருசா ஒண்ணும் இல்ல. சொல்ல வேண்டிய நேரம் மட்டும் முக்கியம்: இன்ஜினியர் கோடு போடும் நாள்.

அடுத்தது மொட்டை மாடி. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு நம்ம தலை மேல இறக்கும். மயிலாப்பூர்ப் பழைய வீடுகளின் 'மெட்ராஸ் டெரஸ்' தளத்தில் தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கல், அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி, அதற்கும் மேல் தட்டோடு. அவ்வளவு கனத்தைத் தாண்டி வெப்பம் இறங்க நேரமாகும். இன்னைக்கு அதை அப்படியே கட்ட முடியாது, சரி. வெள்ளை ஓடு பதிக்கலாம், சுண்ணாம்பாவது அடிக்கலாம். நம்ப முடியலைன்னா அதே ஈ.சி.ஆர்.ல முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு ஒரு மதியம் போயிட்டு வாங்க. லாரி பேக்கர் வடிவமைத்து 1996-ல் திறக்கப்பட்ட இடம். திண்ணையும் முற்றமும் என்ன வேலை செய்யுதுன்னு உடம்பே சொல்லும்.

சோலார் பத்தியும் கேக்குறீங்க. 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசு மானியம் 78,000 ரூபாய். நல்ல திட்டம், போடுங்க. கடலோரம் என்பதால் தாங்கும் சட்டம் துருப்பிடிக்காததா இருக்கணும். ஆனா சூட்டையெல்லாம் உள்ளே விட்டுட்டு, அதை விரட்ட மாடியில் மின்சாரம் தயாரிப்பது ஓட்டைப் பானையில் தண்ணி பிடிக்கிற கதை.

தண்ணின்னதும் இன்னொண்ணு. கடலோர மணலில் நல்ல நீர் உப்பு நீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நல்ல நீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. மேலே ஒரு அடி குறைஞ்சா கீழே என்ன ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாச்சு. எத்தனை வீட்டுத் தொட்டியில் இன்னைக்கு மண் தூர்ந்து கிடக்கு?

இனி அரசிடம் கேட்க வேண்டியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைஞ்சது, வரவேற்கிறோம். ஆனால் முன்கூட்டியே வந்து பார்க்க ஆள் இல்லாத நிலையில், அந்த விண்ணப்பத்தில் கேட்கப்படும் கேள்விகள்தான் ஒரே காவல். சுவர், கூரை வழியாக வரும் வெப்பத்துக்கும், திறக்கக்கூடிய ஜன்னலின் பரப்புக்கும் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' 2018-லேயே அளவு வகுத்திருக்கிறது. அந்த அளவுகளை எளிய தமிழில் அந்தப் படிவத்தில் சேருங்கள் என்கிறோம்.

பிளானே போடாத வீடுகளும் இருக்கு. மீனவர் குப்பத்தில் தகர ஷீட்டுக்குக் கீழே பகலில் குழந்தையைத் தூங்க வைக்கும் தாய்க்குக் கிழக்கு ஜன்னல் பற்றிப் பேசிப் பயனில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் அறிவித்த அரசு, அந்தக் கூரைகளுக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சைத் தன் செலவில் அடித்துத் தர வேண்டும், அதுவும் பங்குனி முடியறதுக்குள்ள. வாடகை வீடு, பட்டா இல்லை என்று யாரையும் தள்ளக் கூடாது.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் இந்த இரண்டையும் மனுவாக எழுதிக் கொடுங்க. உங்க தெருவில் தகரக் கூரை வீடு எத்தனைன்னு எண்ணி, அந்த எண்ணிக்கையையும் மனுவில் சேருங்க.