பள்ளிக்கூடங்களை மூடலாமா?

2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் லண்டன் நகரில் நடந்த ஒரு சம்பவத்தை நமது நேயர்கள் கவனிக்க வேண்டும். கொரோனா வியாதிக் காலத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் நடந்துகொண்ட விதத்தை ஆராய ஹாலெட் அம்மையாரின் தலைமையில் நியமிக்கப்பட்ட விசாரணைக் கமிஷனின் முன்பு, அக்காலத்தில் பிரதம மந்திரியாயிருந்த போரிஸ் ஜான்ஸன் சாட்சியாக வந்து உட்கார்ந்தார். அன்றைய விஷயம் ஆஸ்பத்திரியுமல்ல, தடுப்பூசியுமல்ல, குழந்தைகள். பள்ளிக்கூடங்களை மூட நேருமென்று தெரிந்தபோது அதற்கு என்ன முன்னேற்பாடு செய்திருந்தீர்கள் என்பதே அவருக்கு முன் வைக்கப்பட்ட முக்கியமான கேள்வி.

ஆங்கிலேயர் செய்வதையெல்லாம் மெச்சுகிற வழக்கம் நமக்கில்லை. ஆயினும் இதை மெச்சாமலிருக்க முடியவில்லை. ஸ்வீடன் தேசமும் இதேபோல் ஒரு கமிஷன் வைத்து, 2022 பிப்ரவரியில் அதன் முடிவான அறிக்கையைப் பிரசுரித்தது. அவ்விரு தேசங்களையும்விட அதிக காலம் பள்ளிக்கூடங்களைப் பூட்டி வைத்த நமது இந்தியாவில், இந்த ஒரு விஷயத்திற்காக எந்த மந்திரியும் இதுவரை சாட்சிக் கூண்டில் ஏறியதில்லை. அடுத்த கொள்ளைநோய் எப்போது வருமென்று வைத்தியர்களாலும் சொல்ல முடியாது. அது வரும்போது பள்ளிக்கூடங்களை என்ன செய்வது என்பதை, வியாதி இல்லாத இப்பொழுது யோசிப்பதா, அல்லது மறுபடியும் ஒரு நள்ளிரவில் பயத்தின் நடுவே யோசிப்பதா?

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச் மத்தியில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களை மூடியது பிசகு என்று நாம் சொல்லவில்லை. வந்திருப்பது எத்தகைய வியாதி, யாரைக் கொல்லும், யாரை விட்டுவிடும் என்பது அப்போது ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இருட்டில் நடக்கிறவன் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பது புத்திசாலித்தனந்தான். அந்த ஏப்ரலில் உலக முழுவதும் சுமார் 150 கோடி மாணாக்கர்கள் வீட்டிலிருந்தார்கள் என்று யுனெஸ்கோ ஸ்தாபனம் கணக்கிட்டது. மூடியதைப் பற்றி நமக்கு ஆட்சேபமில்லை. திறக்க மறந்ததைப் பற்றித்தான் பேசுகிறோம்.

மார்ச் 31 வரை என்றுதான் முதல் உத்தரவு வெளியாயிற்று. பிறகு நடந்தது கோர்ட்டுப் பழக்கமுள்ளவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. வாய்தாவுக்கு மேல் வாய்தா. 2020 நவம்பர் 16-ல் 9 முதல் 12-ம் வகுப்பு வரை திறக்கலாம் என்றார்கள். பெற்றோர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். பிறகு அதையும் ரத்து செய்தார்கள். அதே வாரத்தில், நவம்பர் 10-ல், சினிமாக் கொட்டகைகள் திறந்தன. மதுக்கடைகளோ அதற்கு ஆறு மாதம் முன்பே, 2020 மே மாதத்திலேயே, திறந்துவிட்டன. மூடும்படி ஹைகோர்ட்டு உத்தரவிட்டபோது, சர்க்கார் டில்லிவரை சென்று சுப்ரீம் கோர்ட்டில் தடை வாங்கி மீண்டும் திறந்தது! ஒரு பள்ளிக்கூடத்தைத் திறப்பதற்காக அப்படி யாரும் டில்லிக்கு ஓடியதாக நாம் கேள்விப்படவில்லை.

2021 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் 9-லிருந்து 12 வரையுள்ள வகுப்புகள் படிப்படியாகத் திறந்தன. மார்ச் 22-ல் 9, 10, 11-ம் வகுப்புகள் மறுபடியும் மூடப்பட்டன. அப்போது சட்டசபைத் தேர்தல் பிரசாரம் உச்சத்திலிருந்தது. ஏப்ரல் 6-ல் வோட்டு. மைதானங்களில் ஜனங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த மைதானத்திற்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் பூட்டுத் தொங்கிற்று. ஹரித்துவாரத்தில் அதே ஏப்ரலில் கும்பமேளா. எல்லாக் கட்சிகளுக்கும் இதில் பங்குண்டு. ஒரு கட்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நமது நோக்கமல்ல.

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ல். அதாவது பத்தொன்பது மாதங்களுக்குப் பிறகு. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, தன் பள்ளிக்கூடத்தை முதன்முதலாகக் கண்டது இரண்டாம் வகுப்புக் குழந்தையாக.

இவ்வளவு காலம் பூட்டி வைத்ததால் குழந்தைகள் வியாதியிலிருந்து தப்பினார்களா? இதற்கு ஊகம் வேண்டியதில்லை. சர்க்காரின் சொந்தச் சாட்சியமே இருக்கிறது. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் நாடு முழுவதும் ரத்தப் பரிசோதனை நடத்திற்று. 6 முதல் 9 வயதுவரையுள்ள குழந்தைகளில் 57.2 சதவிகிதம் பேரின் ரத்தத்தில் அந்த வியாதி வந்துபோன அடையாளம் காணப்பட்டது. சிறு குழந்தைகளின் வகுப்புகள் அநேகமாக எங்குமே நடக்காத காலம் அது! பள்ளிக்குப் போகாத குழந்தைக்கு வியாதி எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்து வந்தது. வேலைக்குப் போய்த் திரும்பிய தகப்பனிடமிருந்தும், ஒரே அறையில் படுத்துறங்கும் ஐந்தாறு பேரிடமிருந்தும் வந்தது. அந்தப் பரிசோதனையை வெளியிட்ட ஜூலை 20-ந் தேதியே கவுன்ஸிலின் தலைவர் பல்ராம் பார்கவா, சிறு குழந்தைகள் இக்கிருமியைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள், ஆகையால் ஆரம்பப் பள்ளிகளை முதலில் திறப்பது விவேகம் என்று சொன்னார். டென்மார்க் தேசத்தார் 2020 ஏப்ரல் மத்தியிலேயே அப்படித்தான் செய்தார்கள். சிறு வகுப்புகளை முதலில் திறந்தார்கள். நமது மாகாணங்களோ தலைகீழாக, பரீட்சைக்குப் போகிற பெரிய வகுப்புகளை முதலிலும், எழுத்துக் கற்க வேண்டிய சிறு குழந்தைகளைக் கடைசியிலும் வைத்தன. பரீட்சைதான் கல்வி என்று எண்ணும் நமது பழைய நோய்க்கு இன்னும் தடுப்பூசி கண்டுபிடிக்கப்படவில்லை.

வீடு எத்தகையது என்று பார்க்காமல் பள்ளிக்கூடத்தை மட்டும் பார்க்கக்கூடாது என்பது புதிய ஞானமல்ல. 1918-ல் விஷக் காய்ச்சல் உலகத்தைச் சூறையாடியபோது நியூயார்க் நகரத்தின் சுகாதாரக் கமிஷனராயிருந்த ராயல் கோப்லாண்ட், அநேக அமெரிக்க நகரங்களுக்கு மாறாகப் பள்ளிக்கூடங்களைத் திறந்தே வைத்தார். குழந்தைகள் சுகாதார இலாகாவின் தலைவியான டாக்டர் ஜோஸபின் பேக்கர் அதற்குத் துணையாக நின்றார். நகரத்தில் சுமார் 10 லட்சம் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோர் காற்றும் வெளிச்சமுமற்ற நெருக்கமான குடியிருப்புகளில் வசித்தவர்கள். அப்படிப்பட்ட வீட்டைவிட, ஜன்னலுள்ள வகுப்பறையே மேல் என்பது அவர்களுடைய வாதம். ஆனால் சும்மா திறந்து வைக்கவில்லை. உபாத்தியாயர்கள் தினந்தோறும் காலையில் ஒவ்வொரு குழந்தையையும் பார்த்தார்கள். சந்தேகமானால் தனியே பிரித்து டாக்டரிடம் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிகளை மூடிய பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களைவிட நியூயார்க்கில் மரண விகிதம் குறைவாகவே இருந்தது.

எதிர்க்கட்சி வக்கீல் இங்கே எழுந்திருப்பார். எழுந்திருக்கட்டும், அவருக்கும் நல்ல சாட்சியம் உண்டு. அதே 1918-ன் கணக்குகளை 43 அமெரிக்க நகரங்களுக்குத் திரட்டி ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் பிரசுரித்தார்கள். பள்ளிகளை மூடுவது, கூட்டங்களைத் தடுப்பது முதலிய காரியங்களைச் சீக்கிரமாகவும் சேர்த்தும் நீடித்தும் செய்த நகரங்களில் மரணம் குறைந்தது என்று கண்டார்கள். செயிண்ட் லூயிஸ் அதற்கு உதாரணம். பிலடெல்பியாவோ செப்டம்பர் 28-ல் யுத்தக் கடனுக்காகப் பெரிய ஊர்வலம் நடத்திவிட்டு, அப்புறந்தான் கதவுகளைச் சாத்திற்று. ஆகவே பள்ளிகளை மூடுவதே எக்காலத்திலும் தவறு என்று நாம் வாதிட முடியாது. குழந்தைகளையே குறிவைத்துக் கொல்லும் ஒரு வியாதி நாளை வருமானால், முதல் நாளே மூடும்படி நாமே எழுதுவோம். ஆனால் செயிண்ட் லூயிஸ் நகரம் பள்ளியைச் சாத்திவிட்டுச் சினிமாவைத் திறக்கவில்லை என்பதை எதிர்க்கட்சி வக்கீல் கவனிக்கட்டும்.

உபாத்தியாயர்களின் கஷ்டத்தையும் மறைக்கக்கூடாது. ஸ்வீடன் தேசத்தில் 2020 வசந்த காலத்தில் 16 வயதுக்குட்பட்டவர்களின் பள்ளிகள் திறந்திருந்தன. சுமார் 19½ லட்சம் குழந்தைகளில் ஜூன் வரைக்கும் அந்த வியாதியால் ஒருவரும் இறக்கவில்லை. 15 பேர் மட்டுமே தீவிர சிகிச்சைக்குச் சென்றார்கள். ஆனால் அங்கேயே நடந்த இன்னொரு ஆராய்ச்சி, திறந்திருந்த நடுநிலைப் பள்ளிகளின் உபாத்தியாயர்களுக்கு, மூடியிருந்த உயர்நிலைப் பள்ளிகளின் உபாத்தியாயர்களைப்போல் இரு மடங்கு வியாதி கண்டதென்று கூறுகிறது. குழந்தைக்கு ஆபத்து சொற்பம். போதிக்கிறவருக்கு அவ்வளவு சொற்பமல்ல. எனவே பள்ளியைத் திறக்கச் சொல்லுகிறவர்கள், வயது முதிர்ந்த உபாத்தியாயருக்கு வீட்டிலிருக்கும் உரிமையும், மற்றவர்களுக்கு முதல் வரிசையில் தடுப்பூசியும், வகுப்பறைக்குக் காற்றோட்டமும் சேர்த்துக் கேட்க வேண்டும். நமது தேசத்தில் நடந்தது என்ன? உத்தரப் பிரதேசத்தில் 2021 ஏப்ரலில் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோதே உபாத்தியாயர்களைப் பஞ்சாயத்துத் தேர்தல் வேலைக்கு அனுப்பினார்கள். 1,621 பேர் மாண்டார்கள் என்று ஆசிரியர் சங்கம் ஜாபிதா கொடுத்தது. மூன்று பேர்தான் என்றது சர்க்கார் முதலில். பாடம் சொல்லப் போனால் ஆபத்தாம். வோட்டுப் பெட்டியைத் தூக்கப் போனால் ஆபத்தில்லையாம்!

மறுபுறத்துக் கணக்கைப் பார்ப்போம். செல்போனில் பாடம் நடந்ததே என்பார்கள். நடந்தது, யாருக்கு? 2021 ஆகஸ்டில் ஜான் டிரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் 15 மாகாணங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் சுமார் 1,400 பேரை விசாரித்தார்கள். கிராமங்களில் ஒழுங்காகச் செல்போன் மூலம் படித்தவர்கள் 8 சதவிகிதம். படிப்பையே விட்டவர்கள் 37 சதவிகிதம். வீட்டில் ஒரு போன் இருந்தால், அது காலையில் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். மேலும் 2022-ல் கிராமப்புறங்களில் எடுத்த அஸர் கணக்கின்படி, இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 27.3-லிருந்து 20.5 சதவிகிதமாகக் குறைந்தார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பில் 2018-ல் 40.7 ஆக இருந்த விகிதம் 25.2-க்கு வீழ்ந்தது. கல்விக்குப் பேர்போனது என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் மாகாணம் இது.

மத்தியானச் சாப்பாடும் போயிற்று. அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள், வாஸ்தவம். அது குடும்பத்துப் பானைக்குள் போய்விடும்; குழந்தையின் தட்டுக்கு முழுதாக வந்து சேராது. 2021 அக்டோபர் 27-ல் ஆரம்பித்த ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தையும், அதில் மாலை வேளைகளில் தெருத் திண்ணையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பெண்களையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அது தீப்பிடித்த பிறகு கொண்டுவந்த தண்ணீர்.

எந்தச் சட்டத்தின்கீழ் இவ்வளவும் நடந்தது? 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி ஜீவாதார உரிமை என்று அரசியல் சட்டத்தின் 21-ஏ ஷரத்துச் சொல்லுகிறது. அந்த உரிமை பத்தொன்பது மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது, இலாகா உத்தரவுகளால். அவற்றுக்குப் பின்னே நின்ற சட்டங்களில் ஒன்று 1897-ம் வருஷத்துத் தொத்து வியாதிச் சட்டம். பம்பாய்ப் பிளேக்கின்போது வெள்ளைக்கார சர்க்கார் நான்கே ஷரத்துகளில் அவசரமாகச் செய்த சட்டம் அது. ஜனங்களின் வீட்டுக்குள் சிப்பாய்கள் புகுந்த காலத்துச் சட்டம். குழந்தை என்ற வார்த்தையோ பள்ளிக்கூடம் என்ற வார்த்தையோ அதில் கிடையாது. ஜெர்மனியில் இதே விஷயம் உச்ச அரசியல் கோர்ட்டுக்குப் போயிற்று. 2021 நவம்பரில் அந்தக் கோர்ட்டு, அந்த வருஷத்து மூடலை அனுமதித்தது. ஆனால் பள்ளிக் கல்வி குழந்தையின் உரிமை என்று முதன்முறையாகத் தெளிவாக அங்கீகரித்தது. மூடல் நீள நீள, அதற்குக் காரணம் காட்ட வேண்டிய சர்க்காரின் பொறுப்பும் கனமாகிக்கொண்டே போகிறது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ருசுப் பாரம் யார் தலையில் என்பதுதான் முழுக் கேள்வியும். 2020-லும் 2021-லும் திறக்கச் சொன்னவன்தான் ஆபத்தில்லை என்று ருசுப்பிக்க வேண்டியிருந்தது. மூடி வைத்தவரை ஒருவரும் காரணம் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி அறையும் தனி போனும் இருந்தன. இதை உள்ளபடி சொல்லுகிறோம். நமது வாசகர்களில் பலரும், நாமும்கூட, அந்த வகுப்பைச் சேர்ந்தவர்களே.

சட்டசபை ஒரு சிறு சட்டம் செய்யட்டும். கொள்ளைநோயின் பேரால் ஆரம்பப் பள்ளிகளை மூடும் எந்த உத்தரவும் நான்கு வாரத்தில் தானாகவே காலாவதியாக வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால், குழந்தைகளுக்கும் உபாத்தியாயர்களுக்கும் உள்ள அபாயத்தை வைத்தியர்கள் எழுத்துமூலம் கூறி, அது சட்டசபையின் மேஜையில் வைக்கப்பட வேண்டும். ஒரு ஜில்லாவில் மதுக்கடையும் சினிமாவும் தேர்தல் கூட்டமும் நடக்கும் நாளில் அந்த ஜில்லாவின் ஆரம்பப் பள்ளி மூடியிருக்கக்கூடாது. மூடிய நாட்களில் சமைத்த சாப்பாடு குழந்தையின் கையில் சேர வேண்டும். இந்த மசோதாவுக்கு ஒரு பக்கம் போதும். 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பிலிருந்த குழந்தை, பள்ளி இறுதிப் பரீட்சை எழுதி வெளியேறுவதற்குள்ளாவது அது நிறைவேறுமா என்று நமது அங்கத்தினர்களைக் கேட்கிறோம்.