நோட்டீசில் இல்லாத ஏரி

நம்மிடம் ஒரு பழைய கோப்பு இருக்கிறது. பழவேற்காடு வட்டாரத்தில் சட்டமன்ற உறுப்பினர்களின் பணிகளைச் சொல்லி வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட நோட்டீசுகளை அதில் சேர்த்து வைத்திருக்கிறோம். கட்சி மாறும், படம் மாறும், தாளின் வழவழப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடும். உள்ளே இருப்பது மட்டும் மாறாது. உயர்கோபுர மின்விளக்கு இத்தனை, பேருந்து நிழற்குடை இத்தனை, சிமென்ட் சாலை இத்தனை மீட்டர், ரேஷன் கடைக் கட்டடம் ஒன்று, வலை பின்னும் கூடம் ஒன்று. எல்லாம் தேவையானவைதான். இருட்டில் கரை ஏறும் மீனவருக்கு ஒரு விளக்கின் அருமை தெரியும். ஆனால் இந்த நோட்டீசுகள் எதிலும் நாம் தேடும் ஒரு செய்தி கிடைத்ததே இல்லை: சட்டமன்றத்துக்குப் போன உறுப்பினர் சட்டமன்றத்தில் என்ன செய்தார்?

மாணவர்களுக்காக ஒரு விளக்கம். விளக்கும் நிழற்குடையும் பெரும்பாலும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் செய்யப்படுபவை. தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் குறைந்தது 22 விழுக்காடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளில் செலவிடப்பட வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 66 லட்சம். நம் காலனிக்கு இந்த ஆண்டு அதிலிருந்து என்ன வந்தது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? இது எம்.எல்.ஏ. தம் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தருவதல்ல. நம் பணம், நமக்கான பங்கு. இந்த நிதி வேலையைக்கூட மாவட்ட நிர்வாகம்தான் செய்து முடிக்கிறது. உறுப்பினரின் முதல் வேலை வேறு. சட்டம் இயற்றுவது, அரசைக் கேள்வி கேட்பது, வரவு செலவுக்கு ஒப்புதல் தருவது அல்லது மறுப்பது. அந்த வேலையைப் பற்றித்தான் நமக்கு ஒருவரும் கணக்குச் சொல்வதில்லை.

பொன்னேரி தனித்தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரியும் பூந்தமல்லியும் தனித்தொகுதிகள். ஒரு வேடிக்கை பாருங்கள். ஏரியின் மறுகரையில், ஆந்திரத்தில் இருக்கும் சூலூர்பேட்டையும் தனித்தொகுதிதான். ஒரே ஏரியின் இரு கரையிலும் தலித் உறுப்பினர்களே சட்டமன்றத்துக்குப் போகிறார்கள். ஆனால் அந்த ஏரியில் தலித்துக்கும் இருளருக்கும் என்ன உரிமை என்ற கேள்வி இரு கரையிலும் ஈரம் காயாமல் அப்படியே கிடக்கிறது.

தனித்தொகுதி உறுப்பினரிடம் நாம் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயம்தானா என்று சிலர் கேட்பதுண்டு. அவரும் எல்லோருக்கும் பொதுவான பிரதிநிதிதானே என்பார்கள். பொதுவானவர்தான். ஆனால் அந்த நாற்காலி எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். அன்று பொன்னேரியும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. சென்னைச் சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினராக உட்கார்ந்துகொண்டே 1924இல் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் எதிலும் ஒடுக்கப்பட்டவர் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற வைத்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு எம்.சி.ராஜாவின் முயற்சியில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசாணையில் ஏறியது. அவர்களுக்குத் தொகுதி நிதியும் இல்லை, நிழற்குடை திறக்க வாய்ப்பும் இல்லை. இருந்தது பேச ஓர் இடம், ஒரு கேள்வி, ஒரு தீர்மானம்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021 முதல் 2026 வரையிலான பதினாறாவது சட்டமன்றம் இந்த ஏரியைத் தொடும் இரண்டு சட்டங்களை இயற்றியது. இரண்டைப் பற்றியும் ஏரிக்கரைக் குப்பங்களில் விளக்கிச் சொல்ல யாரும் வரவில்லை.

முதலாவது, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 2023. அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதமின்றி நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதாவும் அதே நாளில்தான் வந்தது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததால் அது பத்தே நாளில் திரும்பப் பெறப்பட்டது. நில ஒருங்கிணைப்பு மசோதாவுக்காகக் கொதிக்க அவ்வளவு பெரிய சங்கம் இல்லை. 2024 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு திட்டத்தின் நிலத்துக்குள் ஏரி, கால்வாய், ஓடை போன்ற நீர்நிலை இருந்தால், அரசு அதைச் 'சிறப்புத் திட்டம்' என்று அறிவித்து அந்த அரசு நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. அதற்கு ஒரு குழு, கருத்துக் கேட்பு எல்லாம் ஏட்டில் உண்டு. நீர்நிலைப் புறம்போக்கில் யார் குடியிருக்கிறார்கள், யார் மாடு மேய்க்கிறார்கள், யார் மீன் தடவுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். பட்டா இல்லாதவர்கள்தான். பட்டா இல்லாதவர்கள் யார் என்றும் தெரியும்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவடைய விண்ணப்பித்த கதை ஊரறிந்தது. 2021 ஜனவரி 22ஆம் தேதிக்கும் பிறகு 2023 செப்டம்பர் 5ஆம் தேதிக்கும் குறிக்கப்பட்ட கருத்துக் கேட்புக் கூட்டங்கள் எதிர்ப்பால், காரணம் வேறு சொல்லப்பட்டாலும், தள்ளிப்போயின. தள்ளிப்போனது நின்றுபோனதாகாது. அப்படிப்பட்ட வட்டாரத்தின் உறுப்பினர்கள், கட்சி எதுவானாலும், இந்த மசோதா வந்த அன்று அவையில் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது பேரவைக் குறிப்பைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியா? அவர்களே வந்து சொல்ல வேண்டியதில்லையா?

இரண்டாவது, நமக்கு நேரடியாக வேண்டியது. 2024 பிப்ரவரியில் நிறைவேறிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டம். 1970களிலிருந்தே பழங்குடியினர் துணைத்திட்டம், சிறப்புக் கூறுத் திட்டம் என்ற பெயர்களில் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. ஆனால் அது வெறும் வழிகாட்டுதல். ஒதுக்கிய பணம் பொதுத் திட்டங்களுக்குப் போவதும், எல்லோருக்கும் போடும் சாலையில் நம் தலையை எண்ணிக் கணக்கெழுதுவதும், ஆண்டு முடிவில் மீதம் திரும்பிப் போவதும் வழக்கமாக இருந்தன. தனிச்சட்டம் வேண்டும் என்று தலித் இயக்கங்கள் பல ஆண்டு போராடின. ஆந்திரம் 2013இலேயே சட்டம் செய்தது. அதாவது எதிர்க்கரைக்காரருக்கு நமக்குப் பதினோரு ஆண்டு முன்பே கிடைத்தது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. அந்த அளவுக்குத் திட்டப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது இப்போது சட்டம்.

நல்ல சட்டம், வரவேற்றோம். ஆனால் மீன்வளத் துறைக்கும் இது பொருந்தும் என்பது ஏரிக்கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தச் சட்டத்தை இறால் பிடிக்கும் ஓர் இருளர் குடும்பத்தின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் உறுப்பினரின் வேலை எது என்பது புரியும்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை மீனவக் கிராமங்கள் தமக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகியவை இதில் பேர்பெற்றவை. வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட வந்து பார்த்து, ஏரியை அழிக்காமல் பகிர்ந்துகொள்ளும் அறிவு இது என்று எழுதியிருக்கிறார்கள். அதை நாமும் மறுக்கவில்லை. சண்டையில்லாமல் இறாலைப் பங்கிடுவது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தப் பங்கு பட்டினவர் சமூகத்துக்குள் பிறந்தவர்களுக்கானது. ஏரிக்கரையிலேயே பிறந்து ஏரியிலேயே பிழைக்கும் தலித் மீனவருக்கும் இருளருக்கும் பாட்டில் இடமில்லை. இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை, முறையும் இல்லை. மீன் பிடிப்பவர்தானே மீனவர்? நடைமுறையில் அப்படி இல்லை. கூட்டுறவுச் சங்கத்திலும் வாரியத்திலும் பெயர் இருந்தால்தான் நிவாரணம், காப்பீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி. பெயர் இல்லாதவர் புயலடித்தாலும் கணக்கில் வரமாட்டார்.

இத்தனைக்கும் 2007இல் இயற்றப்பட்ட மீனவர் நல வாரியச் சட்டத்தின் பெயரே, மீனவரோடு மீன்பிடிப்பிலும் சார்புத் தொழில்களிலும் ஈடுபடும் தொழிலாளரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சட்டம் தொழிலைப் பார்க்கிறது. நடைமுறை சாதியைப் பார்க்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டமும் நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் சமூக உரிமையை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அது சரணாலயங்களுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டுப் பகுதி ஏரி 1980 முதல் பறவைகள் சரணாலயம். ஆக, இருளருக்குத் தேவையான சட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவையில் எழுந்து, "பழவேற்காட்டில் இதுவரை எத்தனை இருளருக்கு மீனவர் அட்டை தரப்பட்டது, வன உரிமைச் சட்டப்படி எத்தனை மனு வாங்கப்பட்டது, 2024 சட்டப்படி மீன்வளத் துறையின் பங்கிலிருந்து இந்த ஏரிக்கு எவ்வளவு வந்தது" என்று கேட்டு, அமைச்சரின் பதிலை அச்சில் ஏற்றும் ஓர் உறுப்பினர்தான் இல்லை.

நாம் பட்டினவருக்கு எதிராக எழுதுகிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். துறைமுகம் வந்து கரை அரித்தால் முதலில் போவது அவர்கள் குப்பம். முகத்துவாரம் அடைபட்டால் எல்லோர் வலையும் காயும். மணல் தூர்ந்த அந்த வாயை நிலையாகத் திறந்து வைக்கக் கேட்டுக் கேட்டு எத்தனை ஆண்டு போனது! துறைமுக எதிர்ப்புப் பந்தலில் நாம் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். பந்தல் பிரித்த பிறகு ஏரியில் மட்டும் ஏன் தனித்தனி என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை ஊர்ப் பஞ்சாயத்தில் எழுப்பினால் சண்டையாகிறது. அதனால்தான் சட்டமன்றத்தில் எழுப்பச் சொல்கிறோம். வாக்கு போய்விடும் என்ற பயத்தில் உறுப்பினர்கள் இதைத் தொடுவதில்லை என்பது நம் கணிப்பு. தனித்தொகுதியில் நிற்பவரும் எல்லாச் சாதி வாக்கையும் வாங்கித்தான் ஜெயிக்க வேண்டியிருக்கிறது. 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து தொடரும் சிக்கல் அது. புரிகிறது. புரிவதால் விட்டுவிட முடியாது.

அவை கூடும் நாள்களே குறைவு என்பதும் உண்மை. ஆண்டுக்கு 100 நாள் கூட்டுவோம் என்று 2021இல் வாக்குறுதி தரப்பட்டது, பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் பேச நேரம் கிடைக்காதவருக்கும் வழிகள் உண்டு. எழுத்துமூலக் கேள்வி, கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை மீது வெட்டுத் தீர்மானம். அமைச்சர் அவையில் சொன்னது நடந்ததா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களே எழுதிக் கொடுக்க மனுக்கள் குழு இருக்கிறது; அது மாவட்டங்களுக்கு நேரில் வரும். 2025 ஜனவரியில் நம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனபோது, குப்பத்து மக்கள் கேள்வி கேட்கத்தக்க ஆளாக எம்.எல்.ஏ. ஒருவரே மிஞ்சினார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் தமிழில்தான் இருக்கின்றன. சட்டமன்றத்தின் இணையதளத்தில் படிக்கலாம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி உறுப்பினர்கள் பேசிய நாள்களை எடுத்து எழுதுங்கள். பழவேற்காடு என்ற சொல் எத்தனை முறை வருகிறது, இருளர் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். நல்லபடி பேசியிருந்தால் அதையும் எழுதுங்கள். பாராட்ட நாம் தயங்க மாட்டோம்.

மனுக்கள் குழுவுக்கான மனு ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். மேலே சொன்ன மூன்று கேள்விகளோடு, தொகுதி நிதியில் நம் பங்கான 22 விழுக்காட்டின் ஐந்தாண்டுக் கணக்கும் அதில் கேட்கப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மீன் ஏலம் முடிந்ததும் கையெழுத்து வாங்க ஏரிக்கரைக்கு வருகிறோம். கைநாட்டு வைப்பவர்களுக்காக மைப்பெட்டியும் கொண்டு வருவோம்.