சொல்லக் கூசும் சோதனை

இராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் முப்பதாண்டுகள் மூட்டை சுமந்தவர். மலத்தோடு இரத்தம் போவதை ஓராண்டுக்கு மேல் அவர் எவரிடமும் சொல்லவில்லை. மூலச்சூடு என்று தாமே முடிவு கட்டி, மோரும் துத்திக்கீரையுமாகக் காலம் கடத்தினார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது பெருங்குடலில் புற்று முற்றியிருந்தது. "இதையெல்லாம் போய் எப்படித் தம்பி வெளியில் சொல்றது?" என்று படுக்கையில் கிடந்தபடி அவர் கேட்டார். அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

சொல்லக் கூசும் அந்தப் பொருளில்தான் இன்றைய விஞ்ஞானம் உயிர் காக்கும் செய்திகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அதனை இங்கே எளிமையாகச் சொல்ல விழைகிறேன்.

உயிரணு ஒவ்வொன்றும் ஒரு சிறு தொழிற்சாலை. உணவை வாங்கிச் சக்தியாக மாற்றிக் கழிவை வெளியே தள்ளுகிறது. இதையே வளர்சிதை மாற்றம் என்கிறோம். புற்றணுவின் தொழில்முறை வேறு. அது சர்க்கரையை அளவுக்கு மீறி விழுங்கி, லாக்டிக் அமிலத்தை மிகுதியாக வெளியிடும் என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். ஆலையின் கழிவுநீரைச் சோதித்தே உள்ளே நடக்கும் தொழிலை அறியலாம் என்பது திருவொற்றியூரில் வாழும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடலின் கதையும் அதுவே.

குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாம் உண்ணும் நார்ப்பொருளை அவை பியூட்டிரிக் அமிலமாக மாற்றுகின்றன. அது குடற்சுவரின் அணுக்களுக்கு நல்லுணவு. கொழுப்பைச் செரிக்கச் சுரக்கும் பித்த அமிலங்களையோ டீஆக்ஸிகோலிக் அமிலம் போன்றவையாக மாற்றுகின்றன. அவை மிகுந்தால் குடற்சுவருக்குத் தீங்கு. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், குடல் உள்நோக்கிச் சோதனை செய்துகொண்ட 616 பேரின் மலத்தை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். புற்று வேரூன்றும் தொடக்க நிலைகளிலேயே சில அமினோ அமிலங்களின் அளவும் பித்த அமிலங்களின் அளவும் மாறுகின்றன என்பதே அது. கட்டி வளர்ந்து வலி தரும் முன்பே அடையாளம் கிடைக்கக்கூடும் என்றால், அது எத்துணை பெரிய நம்பிக்கை!

நிற்க. இந்த அடையாளங்களை அப்படியே இறக்குமதி செய்து எண்ணூர் மீனவர் ஒருவர்மீது பொருத்திப் பார்க்க முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. மலத்தின் வேதியியல் உணவோடு மாறும். உட்கொள்ளும் மருந்தோடும் மாறும். பழைய சோறும் கருவாடும் உண்ணும் குடலின் கணக்கு வேறாக இருக்கலாம். நம் ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள் பழைய சோற்றுக்கும் குடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய முற்பட்டது இவ்வகையில் போற்றத்தக்கது. அது புற்றுநோய் ஆய்வு அன்று. எனினும் நம் குடலை நாமே அளக்க வேண்டும் என்ற எண்ணத்தின் தொடக்கம். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1982 முதல் சென்னையின் புற்றுநோயாளர் பதிவேடு நடந்து வருகிறது. சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்னணியில் நின்றதை உலகுக்குச் சொன்னது அப்பதிவேடே. எண்ணி எழுதியதால் அன்றோ உண்மை தெரிந்தது?

கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் படர்ந்ததைக் கண்ட நம் மக்கள், ஊரில் வரும் நோய்க்கெல்லாம் ஆலைகளே காரணமோ என்று ஐயுறுகின்றனர். ஐயம் நியாயமானதே. ஆனால் ஐயம் சான்றாகாது. அதைத் தீர்க்கவும் அளவீடுதான் வேண்டும்.

வளர்சிதை அடையாளச் சோதனைகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. அதுவரை கைகட்டி இருக்க வேண்டுமா? வேண்டாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் காட்டும் எளிய சோதனை இப்போதே இருக்கிறது. அதன் புதிய முறை மனித இரத்தத்தை மட்டுமே இனங்காணும். முந்தின நாள் இறைச்சி உண்டிருந்தாலும் குழம்பாது. ஜப்பான் 1992 முதல் நாற்பது வயதைக் கடந்தோருக்கு இதனை நாடெங்கும் நடத்துகிறது. நம் நாட்டின் தேசியத் திட்டமோ வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களையே முன்கூட்டித் தேடுகிறது.

மேலைநாடுகளை நோக்கக் குடற்புற்று நம்மிடம் குறைவு. எல்லாரையும் சோதிப்பது வீண் செலவு என்று சிலர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. எனவே எல்லாரையும் என்று நான் கேட்கவில்லை. ஐம்பதைக் கடந்தோர், குடும்பத்தில் இந்நோய் கண்டோர் ஆகியோருக்கு மட்டுமாவது வீட்டு வாசலுக்கே வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வழியாக இச்சோதனை கிட்டட்டும். இரத்தம் போவோரும், காரணமின்றி எடை குறைவோரும் சோதனைக்காகக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் செல்லட்டும்.

ஆனால் எந்தச் சோதனையும் நாணத்தின் முன் தோற்றுப்போகும். நம் சித்த மருத்துவர்கள் எண்வகைத் தேர்வில் நாடியோடும் நாவோடும் மலத்தையும் சேர்த்தே வைத்தார்கள். அவர்கள் கூசவில்லை; இடையில் வந்த நாம்தான் கூசுகிறோம். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை பெருக்குவதோடு நில்லாமல், வீடு வீடாகச் சென்று பெரியவர்களிடம் இதைப் பேசுவோம். பேராசிரியப் பெருமக்கள் முன்னின்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

எங்கள் தெருப் பெரியவர் இன்று இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. இன்று தெரியும்: "தலைவலியைச் சொல்வதுபோலவே சொல்லுங்கள், ஐயா. கேட்க நாங்கள் இருக்கிறோம்."