கல்லுக்குள் இருக்கும் தண்ணீர்

கை ஒடிந்தால் போடும் மாவுக்கட்டு, பள்ளிக்கூடத்து சாக்பீஸ், அலுவலகங்களின் ஃபால்ஸ் சீலிங் - மூன்றுக்கும் மூலப்பொருள் ஜிப்சம். நிலக்கடலை போடும் விவசாயிக்கும் இது பழக்கமான மூட்டைதான். பலருக்குத் தெரியாத சங்கதி, இந்தக் கல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது என்பது. மேலே ஒட்டிய ஈரமல்ல. படிகத்தின் அமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீர். 100 கிலோ சுத்தமான ஜிப்சத்தில் ஏறக்குறைய 21 கிலோ தண்ணீர்.

அதைக் குடித்தே கோடையைத் தாண்டும் செடி ஒன்று ஸ்பெயினில் இருக்கிறது.

அந்நாட்டின் வடகிழக்கே, எப்ரோ ஆற்றுப் படுகையில் வெளிறிய ஜிப்சம் குன்றுகள் உண்டு. மழை குறைவு. மண்ணின் மேல் இறுகிய ஓடு. முளைவிடும் விதை அதைத் துளைத்து வேர்விடுவதே பெரும்பாடு. கால்சியமும் கந்தகமும் அளவுக்கு மீறிக் கிடக்க, மற்ற சத்துகளுக்குப் பஞ்சம். சாதாரணச் செடிகள் திணறும் இந்த மண்ணைச் சில இனங்கள் மட்டும் சொந்த ஊராக்கிக்கொண்டிருக்கின்றன. வேறு மண்ணில் அவற்றைக் காண்பதே அரிது. மிஞ்சும் கந்தகத்தை இலைகளில் சேர்த்துவைத்துச் சமாளிக்கின்றன. சிலவற்றின் இலைக்குள் ஜிப்சம் படிகங்களே உருவாகின்றன.

அவற்றில் ஒன்று ஹீலியாந்தெமம் ஸ்குவாமேட்டம். முழங்கால் உயரம்கூட வராத குறுஞ்செடி. வெள்ளிச் செதில் போர்த்த இலை, மஞ்சள் பூ. வேர் ஆழமாகப் போவதில்லை. மேல்மண் வறண்டு கிடக்கும் கோடையில் இது எப்படிப் பிழைக்கிறது?

சாரா பலாசியோ என்ற ஸ்பானிய விஞ்ஞானியும் அவரது சகாக்களும் 2014-ல் இதற்கு விடை சொன்னார்கள். மண்ணில் தங்கும் மழைநீரும் படிகத்தில் பிணைந்த நீரும் ஒன்றல்ல. ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதம் இரண்டிலும் வேறுபடும். செடியின் தண்டில் ஏறும் நீரைச் சோதித்தபோது, கோடையில் அது கல்லின் நீரையே ஒத்திருந்தது. வேர் ஆழமில்லாத செடிகள் அப்போது பயன்படுத்தும் நீரில் 70 முதல் 90 சதவீதம் படிகத்திலிருந்து வந்தது! வெயிலில் மண் சூடேறும்போது படிகம் நீரை விடுவிக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து.

தொழிற்சாலையும் இதைத்தான் செய்கிறது. ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சுட்டால், பிணைந்த நீரில் முக்கால் பங்கு ஆவியாகிவிடும். மிஞ்சுவதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். செடி குடிக்கும் நீரும் சூளையில் ஆவியாகும் நீரும் ஒன்றே. போட்டி அங்கேதான் தொடங்குகிறது.

ஐரோப்பாவில் ஜிப்சம் உற்பத்தியில் முன்னணியில் இருப்பது ஸ்பெயின். குவாரி வரும்போது குன்றோடு செடியும் போகிறது. குவாரிகள் மட்டுமல்ல, நல்லெண்ணமும் சேதம் செய்திருக்கிறது. 'வெறும் பொட்டல்தானே' என்று குன்றுகளைப் படிப்படியாக வெட்டி அலெப்போ பைன் மரங்களை நட்டார்கள். பிறகுதான் பார்வை மாறியது. 1992-ல் ஐரோப்பிய சமூகம் கொண்டுவந்த வாழிடப் பாதுகாப்பு ஆணை, ஸ்பெயினின் ஜிப்சம் தாவரங்கள் வாழும் இடங்களுக்கு முன்னுரிமை தந்தது.

நம் நாட்டின் ஜிப்சத்தில் பெரும்பகுதி ராஜஸ்தானிலிருந்து வருகிறது. நாகௌர், பிகானேர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில் வெட்டியெடுக்கிறார்கள். அங்கே ஸ்பெயினின் மஞ்சள் பூ இல்லை. அந்த மண்ணுக்கு அதற்கான செடிகள் உண்டு. ஆங்கிலத்தின் 'வேஸ்ட்லேண்ட்' என்பதைத் தமிழில் தரிசு என்கிறோம். பயிரிடாத நிலம் என்பதே அந்தச் சொல்லின் பொருள். உதவாத நிலம் என்பதல்ல. கோப்புகளில்தான் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

மாவுக்கட்டு வேண்டும், சிமெண்டும் வேண்டும். குவாரிகளை மூடிவிட முடியாது. ஆனால் பொக்லைன் இறங்குவதற்கு முன், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாவரவியல் தெரிந்த ஒருவரை அங்கே நடக்கவிட்டு, என்ன முளைத்திருக்கிறது என்று எழுதிவாங்கலாம். அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.