போனாக, போனாய்ங்க

மதுரையில் தமிழ் படிக்க வந்திருந்த ஓர் அயல்நாட்டு மாணவிக்கு இளையராஜா பிறந்த ஊரைப் பார்க்க ஆசை. அவருடைய மொழித்துணை ஒரு முதுகலை மாணவர், கோம்பைப் பக்கத்துக்காரர். நானும் ஒட்டிக்கொண்டேன். தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். டீக்கடையில் சற்றுமுன் நின்றிருந்த பையன்களைப் பற்றிக் கேட்டதற்கு, “அவய்ங்க இப்பத்தான் அங்கிட்டுப் போனாய்ங்க” என்றார் கடைக்காரர். மாணவி நோட்டை எடுத்தார். துணைவர் குறுக்கிட்டார்: “அது கொச்சை. ‘அவர்கள் போனார்கள்’னு எழுதிக்கங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, ஒரு பாட்டி தன் வீட்டுக்காரரைப் பற்றி, “அவுக தோட்டத்துக்குப் போனாக” என்றார். மாணவி விடவில்லை. அங்கே நாலு பையன்கள். இங்கே ஒரே ஒருவர், ஆனால் மரியாதை. இரண்டும் வேறுதானே? துணைவர் வாயடைத்து நின்றார். பேசத் தொடங்கிய நாளிலிருந்து பிசகாமல் கடைப்பிடித்த வேறுபாடு அவர் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். அவர் எழுதச் சொன்ன ‘போனார்கள்’ அதைத்தான் அழித்திருக்கும்.

மொழித்துணை ஏற்பாடுகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் வந்தவரின் தடுமாற்றத்தையே பேசுகிறோம். பயிற்சி வேண்டியிருப்பது உள்ளூர் மாணவருக்கு. வெள்ளைக்காரரைப் பார்த்ததும் பள்ளிக்கூடத் தமிழுக்குத் தாவிவிடுகிறார். அது அவர் குற்றமல்ல, பன்னிரண்டு வருடம் நாம் கற்றுக்கொடுத்த கூச்சம்.

தமிழ் கற்க வருபவர்களுக்கு நூல்களுக்குக் குறைவில்லை. கு. பரமசிவமும் ஜேம்ஸ் லிண்ட்ஹோமும் எழுதிய பாடநூல் 1980-இல் வந்தது. ஹெரால்டு ஷிஃப்மனின் பேச்சுத்தமிழ் இலக்கணம் 1999-இல். அமெரிக்க இந்தியவியல் ஆய்வு நிறுவனம் மதுரையிலேயே தமிழ் கற்பிக்கிறது. ஆனால் பேச்சுத்தமிழ் இலக்கணமும் ஒரு பொதுவடிவத்தைத்தான் தர முடியும். பாட்டியின் ‘போனாக’வைத் தர ஓர் ஆள் வேண்டும், அதுவும் வெட்கப்படாத ஆள்.

இப்படி இருவர் மொழி பழகும் ஏற்பாட்டை ஐரோப்பாவில் ‘டாண்டம்’ என்பார்கள், இருவர் மிதிக்கும் சைக்கிளின் பெயர். இருவரும் சமமாகக் கொடுத்து வாங்க வேண்டும் என்பது விதி. நம் ஊரில் ஒருவர் மட்டுமே மிதிக்கிறார். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் பேச்சு ஆங்கிலத்துக்குச் சரிந்துவிடுகிறது. வேலைக்கான நேர்காணலை மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் தேவை, அதை ஒளிப்பானேன்? அரை மணி தமிழ், அரை மணி ஆங்கிலம் என்று கடிகாரத்தை மேசையில் வையுங்கள். வந்தவருக்கு மதிப்பெண் உண்டென்றால் துணைவருக்கும் கொடுங்கள். சம்பளமில்லாத வாத்தியாராக ஒரு மாணவரை நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

துணைவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நாம் அதிகம் பிழை செய்கிறோம். சரளமாக ஆங்கிலம் பேசுபவரையே பொறுக்குகிறோம். கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, தமிழில் படிக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. விடிவதற்குள் ஜீப் ஏறிக் குமுளிக்கும் கம்பமெட்டுக்கும் அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் மலையாளத்தை வேலையோடு வேலையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் புரியாமல் விழித்தால் அதையே வேறு மாதிரி சொல்லிப்பார்ப்பது, கையைக் காட்டுவது, காத்திருப்பது எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைவந்தவை. உத்தமபாளையம் கல்லூரியில் படிக்கும் அப்படியொரு பிள்ளை, “எனக்கு இங்கிலீசு வராதுங்கய்யா” என்று ஒதுங்கினால், அவரை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் அரை மணியில் தமிழ் நிற்கும்.

முதல் சந்திப்புக்கு முன் துணைவரிடம் ஒரே ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்: வீட்டுப் பேச்சைப் பத்து நிமிடம் கேட்டு, பாடநூலில் இல்லாததைக் குறித்து வரச் சொல்லுங்கள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் துணைவர் மாணவியிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினார். உத்தமபாளையம் வருவதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது. அம்மாச்சிக்கு ‘வந்தாக’, தம்பி கூட்டாளிகளுக்கு ‘வந்தாய்ங்க’. வாத்தியாருக்கு எது என்பதில் மட்டும் பேனா நின்றுகொண்டிருந்தது. எதிரில் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது இன்னொன்று என்றார், என்னைப் பார்க்காமல்.