எல்லையை மீட்டோம், நீரை விட்டோம்

வடவெல்லைப் போரில் மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் அவர்களொடு சிறைபுகுந்த எண்ணற்றோரும் மீட்டுத் தந்த ஊர் திருத்தணி. 1960 ஏப்பிரல் முதல் நாள் அது நம்மொடு இணைந்தது. நிலம் வந்தது. நீர்?

1983ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, கிருட்டிணையாற்று நீரில் ஆண்டுதோறும் 1200 கோடிக் கன அடி சென்னைக்கென நம் எல்லைக்கு வந்து சேரவேண்டும். முதல் நீர் வந்ததே 1996-இல்தான். அதன் பின்னும் பெரும்பாலான ஆண்டுகளில் முழு அளவு வரவில்லை. 2022-இலோ, பூண்டி ஏரிக்கு நீர் தரும் கொற்றலையாற்றின் குறுக்கே ஆந்திர அரசு இரு நீர்த்தேக்கங்கள் கட்ட முனைந்தது. தமிழக முதலமைச்சர் மடல் எழுத நேர்ந்தது. (அவ்வாற்றின் அழகிய பெயரையும் 'குசத்தலை' என்று வடமொழியாக்கிக் கெடுத்துவிட்டோம்!) 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சோலையார்ப்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்ததைச் சென்னை மறந்திராது.

உரிமைக்குப் போராடத்தான் வேண்டும். அதில் இரு கருத்தில்லை. ஆனால், எவரும் மதகடைத்து நிறுத்தவியலாத ஆறொன்று நம் வீட்டுப் பின்கட்டிலிருந்தே ஓடுகின்றது. அதற்கு நாம் வைத்த பெயர் சாய்க்கடை!

'கழிவுநீர்' என்னும் சொல்லே நம்மைக் கெடுத்தது. கழிக்கவேண்டியது என்று பெயரிட்டபின் அதைப் பேணுவார் யார்? 'புழங்கிய நீர்' என்பதே பொருந்தும். சிங்கப்பூரார் அதைப் பயன்படுத்திய நீர் என்றே வழங்குகின்றனர். 2003 முதல் தூய்மையாக்கித் தொழிலகங்களுக்கும், சிறு பங்கைக் குடிநீர்த் தேக்கங்களுக்கும் விடுகின்றனர். நமீபியாவின் விண்டோக்கு நகரத்தார் 1968 முதலே குடிநீரில் கலந்து பருகுகின்றனர். அரிசி களைந்த கழுநீரை மாட்டுக்கும், கலங்கழுவிய நீரை வாழைக்கும் விட்ட நம் பாட்டியர்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

சென்னையிலேயே சான்றுண்டு. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-இல் இயங்கத் தொடங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி இலிட்டர் நீரைத் தூய்மையாக்க வல்லவை. வண்டலைப் படியவைத்து, காற்றூட்டி நுண்ணுயிர்களால் அழுக்கை உண்பித்து, நுண்வடிகளாலும் மென்சவ்வுகளாலும் வடிகட்டி, மணலிக்கும் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துக்கும் ஆலைநீராக அனுப்புகின்றனர். ஆலைகள் அதைக் கொள்ளுமளவுக்கு ஏரிநீர் மக்களுக்கு எஞ்சும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை மட்டும் இதனொடு கலக்கவே கூடாது. அது செய்யும் கேட்டைப் பாலாற்றுக் கரை உழவரைக் கேட்டால் சொல்வர்.

திருத்தணிக்கு அத்துணைப் பெரிய நிலையம் வேண்டியதில்லை. ஆடிக் கார்த்திகைக்கு நூறாயிரக்கணக்கானோர் காவடியொடு வருகின்றனர். குளிக்கின்றனர், முடியிறக்குகின்றனர், உண்கின்றனர். அந்நீர் நந்தியாற்றைத் தொடுமுன் தெளிகுட்டைகளிலும் நாணற்படுகைகளிலும் தங்கிச் செல்லட்டும். தெளிந்த நீர் மலைச்சரிவின் மரங்களுக்கும் சுற்றுப்புறக் கரும்புக்கும் பாயட்டும். பச்சையாக உண்ணும் கீரைக்கு வேண்டா. நந்தியாறு கொற்றலையில் கலப்பது. கொற்றலை பூண்டிக்குப் போவது. இங்கே கெடுத்த நீரைச் சென்னையில் நம் உறவினரே குடிக்கவேண்டும்.

வரும் ஆடிக்குள் திருத்தணித் தோழர்கள் நகராட்சியிடமும் கோயிலாரிடமும் எழுத்தில் கேட்கட்டும்: விழா நாளில் புழங்கிய நீர் எவ்வளவு, அது எந்த வாய்க்கால் வழியே எங்குச் சென்றது?