பொங்கப் பானை எங்கே சாமி?

சென்னிமலை பக்கம் கொடுமணல். 1985-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பித்தது. கிடைத்தது மூட்டை மூட்டையாகப் பானை ஓடு. செங்காவி பூசிக் கோடு இழுத்தவை, தமிழ்-பிராமியில் பெயர் கீறியவை. இரண்டாயிரம் வருஷத்துச் சரக்கு! கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'எங்க கொங்கு நாடு' என்று மார் தட்டுகிறோம். தட்டலாம், தப்பில்லை.

ஆனால், இன்னிக்கும் மண் பிசைகிற மனுஷர் கோவை ரோட்டோரத்தில் பானை அடுக்கி உட்கார்ந்திருக்கிறார். அவரிடம், 'பத்து ரூபா கொறச்சுக்குங்க' என்கிறோம். அடுத்த தெருவில் 'மண்பானை பிரியாணி'க்கு பில்லைப் பார்க்காமலே காசு கொடுக்கிறோம்!

நான் பி.காம். கணக்குப் போடுவோமா? வண்டி வாடகை, விறகு, காயவைக்கிற நாட்கள். மழை வந்தால் அத்தனையும் போச்சு. சூளையில் விரிசல் விட்டது தனி. இதில் கூலி எங்கே, லாபம் எங்கே?

குளத்து வண்டலை இலவசமாக அள்ள தாசில்தார் அனுமதியே போதும் என்று 2024-ல் அரசு சொன்னது. சந்தோஷம். மண் மட்டும் போதுமா? பானையை வாங்க ஆள் வேண்டாமா? 2025 பொங்கலுக்கு ரேஷனில் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு தந்தார்கள். பொங்கவைக்கப் பானை? மண்பாண்டத் தொழிலாளர்கள் பலமுறை கேட்டாச்சு. அதையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

'கலை வாழணும்' என்று மேடையில் பேச வேண்டாம் சாமி. பேரம் பேசாமல் ஒரு பானை வாங்குங்கள். இல்லாவிட்டால், இனி பானை வேண்டுமென்றால் தோண்டித்தான் எடுக்கணும்!